காற்று ஓயும்வரை வாசலில் சோறு

திண்டுக்கல்லிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்கப் பாதிப் பகல் பஸ்ஸில் உட்கார வேண்டும். நான் உட்கார்ந்ததில்லை. ஆத்தூர்ப் பக்கம் ஒரு மழை வருடத்தில் குளம் தளும்பி நின்றதைப் பார்த்திருக்கிறேன். நான் கண்டதில் பெரிய தண்ணீர் அதுதான். அப்படிப்பட்ட நான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு வருடம் ஆவணி மாதம் முழுவதும், தூத்துக்குடிக் கடலில் காற்று எப்படி இருக்கிறது என்று எங்கள் வாசலில் நின்று மூக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கினார். இருபத்தாறு வயதுக்குள்ளாகவே அவருக்கு வலது தோள் இடது தோளைவிட இறங்கிவிட்டது. சட்டை போட்டால் ஒரு பக்கம் தொங்கும். மண்டி முதலாளிக்குக் கொழும்பில் பங்காளிக் கடை ஒன்று இருந்தது. அங்கே தராசு பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. இரண்டு வருடம் இருக்க வேண்டும். பெர்மிட்டெல்லாம் முதலாளியே வாங்கி வைத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை, ரயிலிலும் கப்பலிலும் போகக்கூடாது. தூத்துக்குடியிலிருந்து பாய்மரத் தோணியில், வெங்காயத்தோடு வெங்காயமாகப் போக வேண்டும். வெங்காயம் மூச்சுவிடாமல் கிடந்தால் வழியிலேயே அழுகிப்போகும், அதற்குக் காற்றுக்காட்டிப் புரட்டிப்போட ஆள் வேண்டும் என்பதுதான் காரணம். இவர் மாட்டேன் என்றால் போவதற்கு மண்டியில் இன்னும் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆடிக்காற்று அடங்கிய பிறகுதான் தோணிகள் பாய் விரிக்கும். அதனால் ஆவணியில் முதல் நல்ல நாள் பார்த்து, நேரம் பார்த்து, தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் படி இறங்கினார். நான் செம்பில் தண்ணீரோடு எதிரே வந்தேன். எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

பொழுது உச்சிக்கு வருவதற்குள் பெட்டியோடு திரும்பி வந்து நின்றார்.

"என்னலே, அதுக்குள்ள கொழும்பு போயிட்டு வந்துட்டியா?" என்றாள் அத்தை. அத்தை என்றால் என் மாமியார்.

"தோணி எடுக்கலையாம் ஆத்தா. உப்பு ஏத்திட்டு வந்த லாரிக்காரன் சொல்றான். காத்து இன்னும் அடங்கலையாம், தோணியெல்லாம் தொழுவத்துல மாடு கெட்டுன மாதிரி வரிசையா நிக்குதாம். அடங்குனதும் சொல்லி அனுப்புவாங்களாம்."

"அடங்குறப்ப அடங்கட்டும். கால கழுவிட்டு உள்ள வா, சோறு இருக்கு."

அவர் ஒரு காலைப் படியில் வைத்தார். நான் நிலைப்படியில் குறுக்கே நின்றேன்.

"உள்ள வராதீங்க."

இப்படிப் பேசியது நான்தானா என்று எனக்கே திகைப்பாக இருந்தது. ஆனால் நகரவில்லை. நல்ல நேரத்தில் பயணம் கிளம்பியவன் போன காரியம் முடியாமல் வீட்டுக்குள் திரும்பி வந்தால் அந்தப் பயணம் விளங்காது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பெட்டியை மட்டும் வேறு வீட்டில் வைத்துவிட்டு ஆள் வந்து தங்கலாம், அதுவே கிளம்பியதாகக் கணக்கு என்றும் ஒரு சலுகை உண்டு. அத்தை அந்தச் சலுகையைத்தான் சொன்னாள். எனக்கு அது பத்தவில்லை.

என் அப்பா நத்தத்துக்குப் புளி எடுக்க வண்டி பூட்டிக்கொண்டு கிளம்பியவர், துண்டை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தார். வந்தவர் ஒரு செம்பு நீச்சத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். துண்டை எடுத்துக் கொடுத்தது நான். அன்றைக்கு வண்டி ஓடைக்குள் சாய்ந்தது, அப்பா அதோடு போய்விட்டார். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மறுவாரத்திலிருந்து பள்ளிக்கூடம் இல்லை. அம்மாவோடு கடலைக்காட்டுக்குப் போனேன். படித்திருந்தால் பயம் குறைந்திருக்குமோ என்னவோ. படிக்கவில்லை, பயம் இருந்தது.

"நல்ல பொண்டாட்டிடா ஒனக்கு. வீட்டுல சேக்க மாட்டேங்கறா" என்று அத்தை சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. காலை எடுத்துக்கொண்டார். "சரி, அவ மனசுக்கு எதுக்குச் சங்கடம்? மண்டியில படுத்துக்கறேன். சோறு மட்டும் இங்கன வந்து சாப்பிட்டுக்கறேன்" என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. தெருவோரம் எங்கள் வீட்டுக்கு நேரே ஒரு வேம்பு நின்றது. அதன் நிழலில் பலகையைப் போட்டு அவர் உட்காருவார். நான் வட்டிலில் சோறும் வெஞ்சனமும் கொண்டுபோய் வைப்பேன். எதிர்வீட்டு அக்காவுடைய வீட்டுக்காரர் தோல் பதனிடுகிற தோல்ஷாப்பில் வேலை பார்த்தார். அந்த அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலிலிருந்தே கேட்கும்.

"என்ன தங்கச்சி, மாப்பிள்ளைக்கு இன்னிக்கும் விசா கெடைக்கலியா?"

தெரு முழுவதும் சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் வட்டிலையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் எங்கள் ஊருக்கு மேல்காற்று கொடைக்கானல் மலைப் பக்கமிருந்து இறங்கும். புழுதியை வாரிக்கொண்டு வந்து கண்ணில் அடிக்கும். மண்டித் தெருவிலிருந்து வெங்காயச் சருகு பறந்து வந்து எங்கள் வாசலில் குவியும். பெருக்கித் தள்ளிவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி குவிந்துவிடும். அத்தை வாசலில் நின்று கம்பு தூற்றுவாள். முறத்தைச் சாய்த்தால் போதும், உமி தானாகப் பறந்து போகும். "என்னா அருமையான காத்து" என்பாள். ஊருக்கெல்லாம் ஆகிற காற்று எங்களுக்கு மட்டும் ஆகவில்லை.

தோல்ஷாப்புகள் எங்கள் தெருவுக்குக் கிழக்கே இருந்தன. மேல்காற்று அடிக்கிறவரை அந்த வாடை எங்கள் பக்கம் வராது. காற்று நின்றாலோ திரும்பினாலோ சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஊறின தோலுமாகச் சேர்ந்து அந்த வாடை தெருவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எதிர்வீட்டு அக்காதான் விளையாட்டாகச் சொன்னது, "எங்க ஷாப்பு வாடை ஒனக்கு வந்துச்சுன்னா ஒன் புருசனுக்குக் கடல் தெறந்துருச்சுன்னு வச்சுக்க." நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் கிழக்கே முகத்தைத் திருப்பி மூச்சை இழுப்பேன். வாடை இல்லாவிட்டால் ஒரு நிம்மதி வரும். உடனே அந்த நிம்மதியை நினைத்து ஒரு பயம் வரும்.

ஏனென்றால் என்னிடம் வேறொரு சந்தேகம் இருந்தது.

அவர் கிளம்பிய நாளுக்கு எனக்கு இரண்டு மூன்று நாள் தள்ளிப்போயிருந்தது. தள்ளிப்போவது புதிதல்ல என்று விட்டுவிட்டேன். கல்யாணமாகி இரண்டாம் வருடம். எத்தனையோ தடவை நினைத்து நினைத்து ஏமாந்திருந்தேன். ஆனால் காற்று அடங்கவில்லை, தோணி எடுக்கவில்லை, ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. அதற்குள் எனக்குச் சந்தேகம் தெளிந்துகொண்டே வந்தது. பிள்ளைத்தாய்ச்சியின் புருசன் கடல் தாண்டக்கூடாது. பிணம் தூக்கக்கூடாது, மலை ஏறக்கூடாது, சவரம் பண்ணக்கூடாது, கடல் தாண்டவே கூடாது. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது.

சொன்னால் அவர் போக மாட்டார். போகாவிட்டால் அந்தத் தராசு வேறு ஆள் கைக்குப் போய்விடும், இவர் தோள் இன்னும் இறங்கும். சொல்லாவிட்டால் போவார். நான் வாயை மூடிக்கொண்டதாலேயே அந்தக் கடலில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? துண்டை எடுத்துக் கொடுத்த கைதானே இது? இந்த இரண்டையும் மாற்றி மாற்றி அரைத்துக்கொண்டே இருப்பேன். ஆட்டுக்கல்லில் மாவு அரைக்கும்போது அரைப்பேன், தண்ணீர் இறைக்கும்போது அரைப்பேன். யாரிடமாவது கேட்கலாம் என்றால், கேட்டாலே சொன்னதாகிவிடும். சித்திரையில் பிள்ளை பிறந்துவிடுமோ என்று அதற்கு ஒரு தனிக் கவலை வேறு.

வீட்டில் இருந்தது நானும் அத்தையும்தான். அத்தையும் பகலில் பாதி நேரம் காட்டு வேலைக்குப் போய்விடுவாள். காற்று கூரை ஓடுகளைத் தட்டுகிற சத்தத்தைத் தவிர வீட்டில் ஒன்றும் இருக்காது. அவர் கொழும்பில் இருந்திருந்தால்கூட அந்த அளவு தனியாக இருந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். மூன்று தெரு தள்ளி, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் இருந்தார். கூப்பிடத்தான் முடியவில்லை.

உச்சிப்பொழுது மட்டும் அவர் முகத்தைப் பார்ப்பேன். மண்டியில் கண்ணாடி கிடையாது போல, தாடி வளர்ந்துகொண்டே வந்தது. அத்தைக்கு அது பொறுக்கவில்லை.

"ஏலே, கடல் தாண்டப் போறவன் இப்படியா கள்ளன் மாதிரி இருப்பே? அந்த ஊருக்காரன் ஒன்னையப் பாத்தா தராசையா குடுப்பான், வெலங்கத்தான் மாட்டுவான்."

"நேரமில்ல ஆத்தா. வெங்காயம் தலைக்கு மேல கெடக்கு. பொரட்டிப் போடாட்டி நாறிப்போகும்."

"மொகத்தப் பொரட்டிக்க மட்டும் நேரமில்லாமப் போச்சாக்கும்."

ஒரு நாள் அந்தத் தாடியில் வெங்காயச் சருகு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ரோஸ் நிறத்தில், தும்பியின் சிறகு மாதிரி. அவர் மெல்லும்போதெல்லாம் அது ஆடியது. கையை நீட்டி எடுத்துவிடலாம். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது, அத்தை வாசலில் நின்றாள், தண்ணீர் வண்டிக்காரர் போய்க்கொண்டிருந்தார். நான் ரசத்தை ஊற்றினேன்.

"என்ன பாக்குறே?" என்றார் மெதுவாக.

"ஒண்ணுமில்ல."

"ஏதாச்சும் சொல்லணுமா?"

அத்தை முறத்தை நிறுத்தினது எனக்குக் கேட்டது. அல்லது நிறுத்தினது மாதிரி எனக்குத் தோன்றியது.

"இன்னும் கொஞ்சம் சோறு போடவா?" என்றேன்.

"போடு" என்றார். வயிறு நிறைந்திருந்தது என்று தெரியும். போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

புரட்டாசி பிறந்து ஒரு காலையில் விழிப்பு வந்தபோது ஓடு தட்டவில்லை. அந்த அமைதியே என்னை எழுப்பிவிட்டது. வெளியே வந்தேன். வாசலில் வெங்காயச் சருகு போட்டது போட்டபடி கிடந்தது. வேம்பில் ஓர் இலை அசையவில்லை. பிறகு கிழக்கேயிருந்து அந்த வாடை வந்தது. ஒரு மாதமாக நான் தேடி நின்ற வாடை. மூக்கில் ஏறினதுதான் தெரியும். குடலே வெளியே வருகிற மாதிரி புரட்டிக்கொண்டு வந்தது. வேம்படிக்கு ஓடிப்போய், அவர் உட்காருகிற பலகைக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தேன்.

அத்தை பின்னால் வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள். மண்ணை அள்ளிப் போட்டு மூடினாள்.

"வாய நல்லாக் கொப்புளிச்சுக்க. அவன் இப்ப வந்துருவான்."

"அத்தே..."

"தோல்ஷாப்பு வாடை. எனக்கே கொமட்டுது" என்றாள் அத்தை. அவளுக்குக் குமட்டவில்லை. அந்தத் தெருவில் முப்பது வருடமாக இருப்பவள்.

அத்தை சொன்னபடியே அவர் வந்தார். அன்றைக்குச் சாப்பிட வரவில்லை, சொல்லிக்கொள்ள வந்தார். லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், தூத்துக்குடியில் நாளைக்கே பாய் விரிக்கிறார்கள் என்றார். தாடியோடுதான் நின்றார். அத்தை காலில் விழுந்தார். நான் நிலைப்படிக்கு உள்ளே நின்றிருந்தேன். வெளியே வந்திருக்கலாம். ஆனால் வேம்படியில் இன்னும் அந்த ஈர மண் தெரிந்தது.

"வாரேன்" என்றார்.

"பாத்துப் போங்க."

இவ்வளவுதான் சொன்னேன். இரண்டு வருடத்துக்குச் சொன்னது.

பிறகு வந்த நாட்களை எழுதத் தெரியவில்லை. கடலைப் பார்த்திராதவளுக்குக் கடலில் என்ன நடக்கும் என்று கற்பனை பண்ணவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓடையில் சாய்ந்த ஒரு வண்டிதான். கண்ணை மூடினால் அந்த வண்டியில் வெங்காய மூட்டை இருக்கும். காற்று இல்லாத அந்த நாட்களில் வாடை தெருவை விட்டு நகரவில்லை. புடவைத் தலைப்பை மூக்கில் பொத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். பொத்திக்கொண்டாலும், வாடை நின்றுவிடக் கூடாதே, காற்று கிளம்பிவிடக் கூடாதே என்று அதையே மோந்துகொண்டும் கிடந்தேன்.

மண்டியிலிருந்து எடை போடுகிறவர் வந்து வாசலில் நின்று சொன்னார். "மதினி, தோணி கொழும்புல சேந்துருச்சு. முதலாளிக்குத் தந்தி வந்துருக்கு. அண்ணன் நல்லா இருக்காக."

அத்தை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேலே பார்த்துக் கும்பிட்டாள். வந்தவருக்கு மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் சிரித்தார்.

"ஆனா மதினி, அண்ணன் தாடியோடயே போயிட்டாக. கெளம்பறன்னைக்கு சவரக்காரர நாந்தேன் மண்டிக்குக் கூட்டியாந்தேன். பதினஞ்சு நாளா நானும் கெஞ்சுறேன். 'வேணாம்ப்பா, வைகாசி வரைக்கும் கத்தி படக்கூடாது'ன்னுட்டாக. ஏதும் பழனிக்கு வேண்டுதலா?"

என் கையில் இருந்த செம்பை அத்தை வாங்கிக்கொண்டாள். "ஆமாப்பா, வேண்டுதல்தேன்" என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தாள்.

நான் அத்தையைப் பார்த்தேன். "அவருக்குத் தெரியுமா அத்தே? நீங்க சொன்னீங்களா?"

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்? நீதான சொன்னே."

"நான் ஒரு வார்த்தை சொல்லல."

அத்தை மோர்ச் செம்பைக் கழுவிக்கொண்டே பேசினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆவணி பூரா அந்த வேம்படியில அவனுக்குச் சோறு போட்டது யாரு? நீ. ஒரு நா தப்புச்சா? மூணு நா பின்கட்டுல ஒதுங்கி ஒக்காந்தியா? நான் வந்து போட்டேனா? பொண்டாட்டி கையால மாசம் பூரா விடாம சோறு திங்கிறவனுக்கு இது தெரியாதாக்கும்? அவன் என்ன மூட்டையா, ஆளுதான?"

வீட்டுக்கு விலக்கான நாட்களில் எங்கள் வீட்டில் பின்பக்கச் சாய்ப்பில்தான் உட்கார வேண்டும். அடுப்பையும் தொடக்கூடாது, வட்டிலையும் தொடக்கூடாது. நான் வாயை மட்டும் கட்டிக்கொண்டேன். கையைக் கட்டிக்கொள்ளத் தோன்றவே இல்லை. நாளும் பொழுதும் நானே போய் அவர் முன்னால் வட்டிலை வைத்திருக்கிறேன்.

"அப்ப ஏன் அத்தே போனாரு? நீங்க ஏன் போகவிட்டீங்க?"

"சொன்னாத்தான அது விசயம். யாரும் சொல்லல. நீயும் சொல்லல, அவனும் கேக்கல, நானும் வாயத் தெறக்கல. பெறகு எந்தச் சாமி வந்து கணக்குக் கேக்கும்?" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளும் அந்த மாதம் முழுவதும் முறத்தோடு வாசலில் நின்றது கம்புக்காக இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஒரு வீட்டு வாசலில் மூன்று பேர், ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாக ஒரே பயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

மகன் சித்திரை கழிந்து வைகாசி முதல் தேதியில் பிறந்தான். அந்த ஒரு கவலையாவது வீணாகப் போனது. பிள்ளை பிறந்த சேதி தந்தியில் போன அன்றைக்கே கொழும்பில் சவரம் பண்ணிக்கொண்டாராம். அந்தத் தாடி எவ்வளவு நீளம் வளர்ந்தது என்று நான் பார்க்கவில்லை.

இரண்டு வருடம் என்றது மூன்று வருடமாகி ஒரு நாள் வந்தார். பிள்ளை என் புடவையைப் பிடித்துக்கொண்டு, யார் இது என்பது போலப் பார்த்தான். எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் இருந்தது. சதை போட்டிருந்தார். முகம் மழுமழுவென்றிருந்தது, தோள் இறங்கினது இறங்கினதுதான். தகரப்பெட்டிக்குப் பதில் தோல்பெட்டி. படிக்குக் கீழே நின்றுகொண்டார்.

"வாடா, என்ன நிக்கிறே?" என்று அத்தை உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

அவர் நகரவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உள்ள வரலாமா?" என்றார்.

கேலிக்குத்தான் கேட்டார் என்று எதிர்வீட்டு அக்கா ஜன்னலில் சிரித்தது. எனக்கு அது கேலியாகப் படவில்லை. மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியை விட்டு விலகி நின்றேன்.